பத்தாவது யோசனை

மைத்துனன் சதீஷ்குமார் கார் வாங்கிய விஷயத்தில் அண்ணாமலை மொத்தம் ஒன்பது யோசனைகள் சொன்னான். முதலாவது கடிதத்தில் போனது. மற்ற எட்டும் நேரில் சொன்னவை. ஒன்பதில் ஒன்றைக்கூட சதீஷ்குமார் கேட்கவில்லை.

அண்ணாமலைக்கு அப்போது முப்பத்தேழு வயது. கொல்லிமலையில் குண்டனி நாட்டுக்காரன்; அந்த மலையில் ஊர்த்தொகுதியைத்தான் நாடு என்பார்கள். பதினான்கு வருஷமாக ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். ஜீப் அவனுடையதல்ல, அடிவாரத்தில் முள்ளுக்குறிச்சி ராசப்பனுடையது. காலையில் ஆட்களையும் குச்சிக்கிழங்கு மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு சோளக்காடு வழியாக எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி காரவள்ளியில் விடவேண்டும். மத்தியானம் அரிசி, சீமெண்ணெய், ஒறம்பரையாக உறவு பார்க்க வந்தவர்கள் என்று ஏற்றிக்கொண்டு அதே எழுபதும் ஏறவேண்டும். ஒரு நாளைக்கு நூற்றிநாற்பது வளைவு. மழை நாளில் துடைப்பான் வேலை செய்யாது. இடது கையை வெளியே நீட்டித் துணியால் கண்ணாடியைத் துடைக்க ஓர் ஆளை முன்னால் உட்கார வைத்துக்கொள்வான். அவனுடைய மனைவி சுகுணா அந்த ஜீப்பின் முன் சீட்டில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. முன் சீட்டு ராசப்பனுக்கு வேண்டியவர்களுக்கு, வி.ஏ.ஓ.வுக்கு, மாசமான பெண்களுக்கு. சுகுணா மகள் தாரணியைச் சுமந்தபோதுகூட வேறொரு மாசக்காரி முன்னால் உட்கார்ந்திருந்ததால் பின்னால்தான் போனாள்.

சதீஷ்குமார் சுகுணாவின் தம்பி. பன்னிரண்டு வயது இளையவன். திருச்செங்கோட்டுக்காரர் ஒருவரின் போர்வெல் லாரியில் கிளீனராகப் போய், டிரைவராகி, நாலு வருஷம் ஆந்திராவிலும் அதற்கு மேலேயும் சுற்றினவன். 1999ஆம் வருஷம் ஐப்பசி மாதம் அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது.

"மாமா அவர்களுக்கு, நலம், நலமறிய ஆவல். கோயம்புத்தூரில் ஒரு எஸ்டீம் கார் விலைக்கு வருகிறது. மில்காரர் மகன் பந்தயத்துக்கு ஓட்டினது. இஞ்சின் தலையைக் கழற்றி வேலை செய்திருக்கிறார்கள். இழுவை பயங்கரமாக இருக்கிறது. நம் மலை ரோட்டில் பழகினவர் நீங்கள்தான். நீங்கள் சொன்னால் வாங்குவேன். இல்லையென்றால் இல்லை."

அண்ணாமலை இதை மூன்று தரம் படித்தான். மூன்றாம் தரம் படிக்கும்போது, 'நீங்கள் சொன்னால்' என்பது அவன் கண்ணில் படவேயில்லை. எஸ்டீம் என்பது மட்டும் பட்டது. அன்று மாலையே தாரணியின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினான்: பெட்ரோல் கார் மலைக்கு ஆகாது. பாதி ஏற்றத்தில் சூடாகி நின்றுவிடும். டீசல் ஜீப்பாகப் பார்க்கவும்.

அந்த வாரத்தில் மட்டும் பதினோரு பெட்ரோல் கார்கள் அருவி பார்க்க ஏறி வந்து இறங்கிப் போனதை அவன் கண்ணால் பார்த்திருந்தான்.

கார் தை மாதம் கடைசியில் வந்தது. வருவதற்கு முன்னால் சத்தம் வந்தது. மிளகு பறிக்கிற காலம். சுகுணா சில்வர் ஓக் மரத்தில் சாத்திய ஒற்றை மூங்கில் ஏணியின் கணுவில் கால் வைத்து, இடுப்பில் கட்டிய சாக்கில் மிளகுக் கொத்துகளைப் போட்டுக்கொண்டிருந்தாள். மேலிருந்து அவளுக்கு முதலில் கேட்டது.

"ஏனுங்க, தம்பி வாரானுங்க!"

"தம்பின்னு எப்பிடித் தெரியும்?"

"இந்த மலையில எவன் இப்பிடி உறுமிக்கிட்டு வாரான்? எறங்கணும், ஏணியப் புடிங்க."

அண்ணாமலை ஏணியைப் பிடித்தான். அவள் இறங்கி, சாக்கை அவன் கையில் போட்டுவிட்டு ஓடினாள். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவள் ஓடி அவன் பார்த்ததில்லை.

சிவப்புக் கார். தரையோடு தரையாகப் படுத்திருந்தது. சக்கரம் நாலும் வெள்ளி மாதிரி மின்னின. ஒவ்வொரு டயரும் ஒரு சாண் அகலம் இருக்கும். சதீஷ்குமார் இறங்கி அண்ணாமலையின் காலைத் தொட்டான்.

"மாமா, மூணாவது கியர்லயே பாதி மலை ஏறிருச்சு மாமா. சூடு முள்ளு நடுவுல நின்னது நின்னபடி."

"இன்னிக்கிப் பனி. வெயில்ல பாரு," என்றான் அண்ணாமலை. அது இரண்டாவது.

சதீஷ்குமாரின் அம்மா பொன்னம்மாள் இருந்தது பைல் நாட்டில். அங்கே வீடுவரை கார் போகிற ரோடு கிடையாது. ஆதலால் கார் அண்ணாமலை வீட்டுக் களத்தில்தான் நின்றது, மிளகு காயப்போடுகிற தார்ப்பாய்க்குப் பக்கத்தில். கோயம்புத்தூர்ப் பட்டறையில் கழற்றிப்போட்ட பழைய ஒல்லிச் சக்கரங்களையும் சதீஷ்குமார் டிக்கியில் கொண்டுவந்திருந்தான். காற்றுக்குத் தார்ப்பாய் பறக்காமல் இருக்க சுகுணா அவற்றை நாலு மூலையிலும் வைத்தாள். காலையில் எழுந்து கதவைத் திறந்தால் அண்ணாமலை முதலில் பார்ப்பது அந்தக் கார். அவனுடைய ஜீப் ரோட்டோரத்தில் பனியில் நனைந்து நின்றது.

ஒருநாள் சாயந்திரம் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சுகுணா தம்பிக்குக் குழம்பில் மொச்சையாகப் பார்த்து அள்ளி ஊற்றினாள்.

"மாமா, இன்னும் என்ன வேல செய்யலாம் சொல்லுங்க," என்றான் சதீஷ்குமார். "ஸ்டேரிங்க மாத்திச் சின்னதாப் போடலாம்னு இருக்கறேன். பந்தயக் காருக்கு இருக்குமே, அந்த மாதிரி."

"சின்ன ஸ்டேரிங்கு போட்டா கை வலிக்கும்."

"ஸ்பிரிங்க அறுத்து எறக்கியிருக்குது. இன்னும் ஒரு சுத்து அறுக்கச் சொல்லியிருக்கறேன்."

"அடி தட்டும். செம்மேட்டுல மாடு தாண்டுனா அது முதுகு இடிக்கும்."

"மாடு எதுக்குங்க காருக்கு அடியில போகுது?" என்றாள் சுகுணா. தாரணி சிரித்தாள். எட்டு வயது; யார் யாரைக் கிண்டல் செய்தாலும் அவளுக்குப் பிடிக்கும்.

"அந்த டயரு," என்றான் அண்ணாமலை. "அது மொதல்ல ஆகாது. அத்தன அகலம் மழையில வழுக்கும்."

"அகல டயருதான் மாமா ரோட்டக் கவ்விப் புடிக்கும். கோயம்புத்தூர்ல சொன்னாங்க."

"கோயம்புத்தூர்ல மலை இருக்குதா?"

"மாமா, அவங்க ஊட்டி ஏறாம எங்க போறாங்க?"

சுகுணா சோற்றுக் கையோடு சிரித்தாள். அண்ணாமலை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அந்தச் சக்கரத்தில் ஏதோ ஒன்று சரியில்லை என்பது அவன் மனசுக்குத் தெரிந்தேயிருந்தது. என்னவென்று குனிந்து பார்த்திருக்கலாம். அவனுக்குக் குறை சொல்லத்தான் அவசரம், பார்ப்பதற்கு அவசரமில்லை. வாயில் வந்ததைச் சொன்னான், அது பொய்யாகப் போயிற்று.

"பெல்ட்டாச்சும் மாட்டிக்க," என்றான் எழுந்து கைகழுவப் போகையில். "நீ ஓட்டற ஓட்டத்துக்கு."

அதோடு ஆறு. ஏழாவது ஹாரனைப் பற்றியது. எட்டாவது சிவப்பு நிறத்தைப் பற்றியது. ஒன்பதாவது சைலன்சர் சத்தத்தில் மிளகுக்கொடி பூ உதிரும் என்பது. அதைச் சொன்னபோது செம்மேட்டு டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். கடைக்காரர் செல்லமுத்து பாய்லருக்குப் பின்னாலிருந்து கேட்டார்: "அண்ணாமல, உம்பட ஜீப்பு பதினாலு வருசமா இருமிக்கிட்டுப் போகுதே, அதுக்கு எத்தன பூ உதுந்துச்சு?"

அன்றிலிருந்து டீக்கடையில் அவனைப் பார்த்ததும் யாராவது ஒருவர், "பத்தாவது என்னங்க?" என்று கேட்பது வழக்கமாயிற்று.

இதில் ஒன்றைச் சொல்லவேண்டும். சதீஷ்குமாருக்கு மாமன்மேல் ஒரு கோபமும் கிடையாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் "மாமா, ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க" என்று சாவியை நீட்டுவான். அண்ணாமலை ஒருதரமும் வாங்கவில்லை. ஓட்டிப் பார்த்து, நன்றாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று அவனுக்குப் பயம். சுகுணா தன் பழைய சேலைத் தலைப்பைக் கிழித்துக் கண்ணாடி துடைக்கத் தம்பிக்குக் கொடுத்திருந்தாள். அந்தத் துணி காரின் முன்கண்ணாடியில் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு அடிவயிற்றில் எரிந்தது. ஜீப்புக்கு அவன் சாக்குத் துணிதான் வைத்திருந்தான். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். கேட்டுக் கொடுப்பது வேறு.

மாசி மாதம் ராசப்பனின் மகள் மேனகாவுக்குக் கல்யாணம் வைத்தார்கள். முள்ளுக்குறிச்சியில், அவர்கள் வீட்டு வாசலிலேயே பந்தல். மலையிலிருந்து தெரிந்தவர்களையெல்லாம் ஜீப்பில் அழைத்துவர ராசப்பன் சொல்லியிருந்தார். ஒன்பதரைக்கு முகூர்த்தம்.

"நாங்க தம்பி கார்ல வாரோம்," என்றாள் சுகுணா, முதல்நாளே. "நானு, அம்மா, தாரணி."

"ஜீப்புல எடம் இருக்குது."

"எடம் இருக்குதுங்க. பின்னாடி." அவள் குரலில் சண்டை இல்லை. "ராசப்பன் ஊட்டு வாசல்ல ஒரு தாட்டி முன்னாடிக் கதவத் தொறந்து எறங்கறேன். அவ்வளவுதான்."

கல்யாணத்தன்று காலை ஆறு மணிக்கு மூடுபனி களத்தில் முழங்கால் உயரத்துக்கு நின்றது. பொன்னம்மாள் இருட்டோடு பைல் நாட்டிலிருந்து நடந்து வந்து, கால் கழுவி, வரக்காப்பி குடித்துவிட்டுப் பின் சீட்டில் ஏறிக் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கார் இன்னும் நகரவேயில்லை. தாரணி பக்கத்தில் உட்கார்ந்து பாவாடை கசங்காமல் பரப்பிக்கொண்டாள். சுகுணா ஊதாப் பட்டுச்சேலையில் முன் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிப் பொட்டைச் சரிசெய்தாள்.

"அக்கா, அது பின்னாடி வார வண்டியப் பாக்கறதுக்கு."

"பின்னாடி உங்க மாமாதானே வாராரு. பாத்துப் பழகுன மொகந்தான்."

நல்ல காரியத்துக்கு முதன்முதலாக வண்டி மலை இறங்கினால் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைப்பது டிரைவர்களின் வழக்கம். வண்டிக்காரனே வைக்கக்கூடாது; தன்னைவிட அதிக வருஷம் ஓட்டின இன்னொரு டிரைவர் வைக்கவேண்டும். சதீஷ்குமார் நாலு பழத்தையும் அண்ணாமலை கையில் கொடுத்தான்.

"மாமா, நீங்கதான்."

களத்திலிருந்து ரோட்டுக்குத் திரும்ப காரின் முன்சக்கரங்களை அவன் முழுக்க இடப்பக்கம் ஒடித்து வைத்திருந்தான். அண்ணாமலை பின்சக்கரங்களுக்கு வைத்தான். வலது முன்சக்கரத்துக்கு வைத்தான். இடது முன்சக்கரத்துக்கு வைக்கக் குந்தினபோது, ஒடித்த சக்கரத்துக்குப் பின்னால் இருந்த சந்து அவன் கண்ணுக்கு நேரே வந்தது.

பிரேக் ஓஸ். பிரேக் எண்ணெய் போகிற, விரல் பருமன் ரப்பர்க் குழாய். அகல டயரின் உள்பக்கம் அதன்மேல் ஒட்டி நின்றது. ஒட்டின இடத்தில் ரப்பர் தேய்ந்து, உள்ளே இருக்கிற வெள்ளை நூல் தெரிந்தது. அவன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தான். நூலுக்கடியில் குழாய் சின்னக் கொப்புளம்போலப் புடைத்திருந்தது.

ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. சமவெளியில் எவனும் ஓடுகிற வண்டியில் ஸ்டேரிங்கை முழுக்க ஒடிப்பதில்லை. கோயம்புத்தூர்ப் பட்டறைக்காரன் நேராக ஓட்டிப் பார்த்துக் கொடுத்துவிட்டான். ஊட்டி ரோடுகூட அகலம். இந்த மலையில் எழுபது இடத்தில் முழுக்க ஒடித்தாகவேண்டும்; ஒடிக்கிறபோதெல்லாம் டயர் குழாயை அரைக்கிறது. ஒரு மாதத்தில் சதீஷ்குமார் நாலு தரம் ஏறி இறங்கியிருக்கிறான்.

அவன் வாயைத் திறந்தான்.

"ஏனுங்க," என்றாள் சுகுணா மேலிருந்து, ஜன்னல் வழியாக. "மொகத்த ஏன் அப்பிடி வெச்சிருக்கீங்க? நல்ல நாளும் அதுவுமா இன்னிக்கி ஒரு நாள் ஒரு நொட்டையும் சொல்லாம வாங்க சாமி. உங்களக் கும்புட்டுக்கறேன்."

பின்னால் தாரணி, "பத்தாவது என்னங்கப்பா?" என்றாள்.

அண்ணாமலை எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கடியில் தள்ளிவிட்டு எழுந்தான்.

"சரி, போங்க," என்றான்.

நாலு பழமும் நசுங்கின. கார் உறுமிக்கொண்டு பனிக்குள் போயிற்று.

ஜீப்பில் பதினாறு பேர். பாப்பாத்தி என்கிற பருமனான அம்மாள் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வெற்றிலைப் பையும் மொய்க்குக் கட்டிய பலாப்பழமும் மடியில். சோளக்காட்டுக்கு ஆறு கிலோமீட்டர். அதுவரை மேட்டு ரோடு, பெரிய வளைவு கிடையாது. சோளக்காட்டில் சந்தைக் கடைகளைத் தாண்டினால் எழுபதாவது வளைவு தொடங்கும். மேலிருந்து இறங்கும்போது அதுதான் முதலாவது.

அண்ணாமலை ஓட்டினான். அவளே சொல்லக்கூடாது என்றுவிட்டாள், நான் என்ன செய்ய என்று நினைத்துக்கொண்டான். அந்த நினைப்பு ஒரு கிலோமீட்டர் தாங்கிற்று. அதற்கப்புறம் அவன் மனசில் ஒரு படம் ஓடிற்று. நடுமலையில், நாற்பதாவது வளைவில் என்று வைத்துக்கொள்ளலாம், சிவப்புக் கார் ஓரத்து மண்மேட்டில் மெதுவாக முட்டி நிற்கிறது. யாருக்கும் ஒன்றும் இல்லை. சதீஷ்குமார் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறான். ஜீப் வருகிறது. எல்லாரும் ஜீப்பில் ஏறுகிறார்கள். சுகுணா முன்னால் ஏறுகிறாள். படம் நன்றாக இருந்தது. அவன் அதை இன்னொரு தரம் ஓட்டினான்.

"உங்க புள்ள கார்ப் பின்கண்ணாடியில கை காட்டிக்கிட்டே போச்சு பாத்தீங்களா?" என்றாள் பாப்பாத்தி. "பல்லு விழுந்த எடந் தெரியச் சிரிச்சுக்கிட்டு."

அவன் படத்தில் தாரணி இல்லை. அதுவரை அவன் கவனிக்கவில்லை. சதீஷ்குமார் இருந்தான், இறங்கி ஜீப்பில் ஏறுகிற சுகுணா இருந்தாள். பின் சீட்டு காலி.

மண்மேடு உள்பக்கத்தில் இருக்கிறது. இறங்குகிற வண்டி பிரேக் இல்லாவிட்டால் உள்பக்கம் போகாது. பதினான்கு வருஷத்தில் இரண்டு லாரிகளை அவன் மேலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறான்.

அண்ணாமலை கியரை மாற்றி மிதித்தான். கைகாட்டி நின்ற இரண்டு பேரை ஏற்றாமல் போனான். ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஏனுங்க, என்னங்க ஆச்சு? பலாப்பழம் உருண்டு போகுது!"

"புடிச்சுக்கங்க."

சோளக்காட்டில் சிவப்புக் கார் நின்றிருந்தது. சுகுணா இறங்கி மல்லிகைப்பூ முழம் போட்டு வாங்கி, அம்மாவுக்கும் தாரணிக்கும் வைத்துவிட்டு, ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். கார் நகர ஆரம்பித்தது. அண்ணாமலை அதைத் தாண்டி, ரோட்டுக்குக் குறுக்கே ஜீப்பை நிறுத்தினான். சந்தை நாளில்லை, இருந்தும் டீக்கடை, பூக்கடை, பஸ்ஸுக்கு நின்றவர்கள் என்று இருபது பேர் இருந்தார்கள்.

"எறங்கு," என்றான் கார் ஜன்னலில் குனிந்து. "மாப்ள, எல்லாரையும் எறக்கு. பிரேக் ஓஸ் தேஞ்சிருக்குது. டயரு ஒரசி நூலு தெரியுது."

சதீஷ்குமார் அவனைப் பார்த்தான், பிறகு சிரித்தான். "மாமா. பத்தாவதா?"

டீக்கடைப் பக்கம் சிரிப்பு எழுந்தது. செம்மேட்டுக் கதை இங்கேயும் வந்து சேர்ந்திருந்தது.

"பிரேக்கு கல்லாட்டம் நிக்குது மாமா. இப்பத்தானே பூக்கடையில நிறுத்துனேன்."

"நேரா நிக்கும். ஒடிச்சு மிதி."

"ஏனுங்க," என்றாள் சுகுணா பல்லைக் கடித்துக்கொண்டு, முகம் சிவந்து. "கும்புட்டுக் கேட்டுக்கிட்டனே. ஊரு பாக்குதுங்க."

அண்ணாமலை நிமிர்ந்தான். ஊர் பார்க்கத்தான் செய்தது. ஜீப்பில் இருந்த பதினாறு பேரும் பின்பக்கமாகத் தலையை நீட்டியிருந்தார்கள்.

"இத பாரு மாப்ள. நான் சொன்ன ஒம்பதும் வயித்தெரிச்சல்ல சொன்னது. சூடாகாது, வழுக்காது, ஒரு மயிரும் ஆகாது. நல்ல வண்டி. என்னாலதான் பாக்க முடியல. இது அப்பிடியில்ல. முழுக்க ஒடிச்சு வெச்சு, ஏறி மிதி. மூணு மிதி. பெடலு நின்னுச்சுன்னா ஜீப்ப எடுத்துக்கறேன், சாகறமட்டும் உன் வண்டியப் பத்தி வாயே தொறக்க மாட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. சதீஷ்குமார் மாமனின் முகத்தையே பார்த்திருந்தான். பிறகு ஸ்டேரிங்கை இடப்பக்கம் முழுக்க ஒடித்தான். டயர் எதையோ உரசுகிற முனகல் கேட்டது. மிதித்தான். நின்றது. இன்னொரு தரம் மிதித்தான். கல்லாட்டம்தான் நின்றது. டீக்கடையில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். மூன்றாம் தரம் சீட்டிலிருந்து எழும்பி இரண்டு காலாலும் மிதித்தான்.

சீழ்க்கை மாதிரி ஒரு சின்னச் சத்தம். சதீஷ்குமாரின் கால் தரைவரை போய்விட்டது. முன்சக்கரத்துக்கடியிலிருந்து எண்ணெய் வந்து தார் ரோட்டில் கோடாக இறங்கிற்று. எழுபதாவது வளைவு இருக்கிற பக்கமாகத்தான் அது ஓடிற்று.

பொன்னம்மாள் கைப்பிடியை விட்டுவிட்டுக் கையைக் கூப்பினாள்.

அப்புறம் ஒரே பேச்சு. ஆளாளுக்குக் குனிந்து பார்த்தார்கள். வலது பக்கத்து ஓசும் பாதி தேய்ந்திருந்தது. "அண்ணாமல இல்லீன்னா நாலு உசிருங்க," என்றார் பூக்கடைக்காரர். "பதினாலு வருசத்துக் கண்ணு. சும்மாவா," என்றாள் பாப்பாத்தி, பலாப்பழத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு. ஒருவர் டீ வாங்கி அவன் கையில் திணித்தார். சதீஷ்குமார் காருக்குப் பக்கத்தில் குந்தி, கிழிந்த குழாயை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சுகுணா அண்ணாமலைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எப்பப் பாத்தீங்க?"

டீ சூடாக இருந்தது. பின்னால் வரும்போது ரோட்டில் ஈரம் பார்த்தேன் என்று சொன்னால் போதும். இத்தனை பேரும் அதற்குத் தலையாட்டத் தயாராக இருந்தார்கள்.

"எலுமிச்சம்பழம் வெக்கறப்ப," என்றான்.

அவள் திரும்பி, வந்த ரோட்டைப் பார்த்தாள். ஆறு கிலோமீட்டரையும் எண்ணிப் பார்க்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

"தாரணி உள்ள இருந்தாளுங்க," என்றாள் மெதுவாக.

"ஆமா."

"நான் சொல்லாதீங்கன்னு சொன்னதுக்காவா?"

"இல்ல," என்றான் அண்ணாமலை. "அதுக்காவ இல்ல."

அவள் தலையிலிருந்த பூவைச் சரிசெய்துகொண்டு போய், தாரணியைக் கையைப் பிடித்து இறக்கினாள்.

காரை ஓரமாகத் தள்ளி நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் கொடுத்தார்கள். முன் சீட்டிலிருந்த பாப்பாத்தியை அண்ணாமலை பின்னால் போகச் சொன்னான். அவள் முணுமுணுத்துக்கொண்டே பலாப்பழத்தோடு இறங்கினாள். அவன் முன் சீட்டைச் சாக்குத் துணியால் தட்டித் துடைத்துவிட்டுச் சுகுணாவைப் பார்த்தான். சுகுணா பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக ஏறி, பெண்களுக்கு நடுவில் இடுக்கி உட்கார்ந்து, தாரணியை மடியில் வைத்துக்கொண்டாள். முன்னால் சதீஷ்குமார் உட்கார்ந்தான். இருபது பேரோடு ஜீப் இறங்க ஆரம்பித்தது.

பனி கலைந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் கீழே வயல்கள் பக்கம் மாறி மாறித் தெரிந்தன. அறுபத்திநாலாவது வளைவில் சதீஷ்குமார் வாயைத் திறந்தான்.

"மாமா."

"ம்."

"ஒம்பதுல ஒண்ணுகூடவா நெசமில்ல?"

அண்ணாமலை யோசித்தான். "பெல்ட்டு மாட்டுன்னது நெசந்தான். வயித்தெரிச்சல்ல சொன்னாலும்."

சதீஷ்குமார் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. இரண்டு வளைவு கழித்து, "பழைய சக்கரத்தையே போட்டர்றேன் மாமா," என்றான். "ஸ்பிரிங்கையும் பழையபடிக்கு மாத்திர்றேன். அதுக்கப்பறமாச்சும் ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க."

"பாக்கலாம்."

ஐம்பத்தெட்டாவது வளைவில் ஸ்டேரிங்கை முழுக்க ஒடித்துக்கொண்டே அண்ணாமலை கேட்டான். "ஓஸ் எப்ப வரும்?"

"சேலத்துல சொன்னா நாலு நாளுங்க."

நாலு நாள். அவன் மனசு அப்போதே களத்தில் அந்தச் சிவப்புக் கதவைத் திறந்து உட்கார்ந்தாயிற்று. வெட்கமாக இருந்தது. கண்ணாடியில் பார்த்தான். சுகுணா தாரணியின் தலைக்கு மேலாக அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முள்ளுக்குறிச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்துவிட்டது. முதல் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். ராசப்பன் தோளில் புதுத் துண்டோடு வாசலுக்கு வந்தார்.

"ஏன்டா அண்ணாமல, ஒன்பதரைன்னு சொன்னனா இல்லியா? எங்க உம்பட மச்சினன் காரு? ஏதோ ரேசுக் காரு வாங்கியிருக்கறான்னாங்க, பாக்கலாம்னு இருந்தேன்."

அண்ணாமலை ஸ்டேரிங்கைப் பிடித்தபடி இருந்தான். பின்பக்கத்திலிருந்து சுகுணா இறங்கினாள். ஊதாப் பட்டு முழங்கால்வரை கசங்கி, ஓர் ஓரத்தில் பலாப்பிசின் ஒட்டியிருந்தது. அவள் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ராசப்பனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"காரு சோளக்காட்டுல நிக்குதுங்க. பிரேக்குல கோளாறுங்க. எங்க ஊட்டுக்காரருதான் கண்டுபுடிச்சு நிறுத்திப்போட்டாரு. இல்லீன்னா நாங்க இன்னிக்கி வந்து சேந்திருக்க மாட்டமுங்க."

"அட! எப்பிடிறா கண்டுபுடிச்சே?"

அண்ணாமலை வாயைத் திறப்பதற்குள் சுகுணாவே சொன்னாள்.

"எலுமிச்சம்பழம் வெக்கக் குனிஞ்சாருங்க. பாத்துட்டாரு. பாத்த ஒடனே சொல்லிட்டாருங்க."

ராசப்பனிடம் சொன்னாள். கண் அண்ணாமலையிடம் இருந்தது.

"கெட்டிக்காரன்டா," என்று ராசப்பன் ஜீப்பின் கதவைத் தட்டினார். "வா, வா, எறங்கிச் சாப்புடு. மொதப் பந்தியிலயே உக்காரு."

"வண்டியத் திருப்பி நிறுத்திட்டு வாரனுங்க," என்றான் அண்ணாமலை.

பந்தலுக்கு வெளியே இடம் விசாலமாக இருந்தது. ஒரு பஸ்ஸே திரும்பலாம். அவன் ஸ்டேரிங்கை முழுக்க ஒடித்து, முன்னால் எடுத்து, பின்னால் எடுத்து, மறுபடியும் முன்னால் எடுத்தான். எல்லாரும் கை கழுவி உள்ளே போகும்வரை திருப்பிக்கொண்டே இருந்தான்.